கழுத்துக்கு இரண்டு சண்டை

என் இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்தபடியே வீரம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் அறைந்த பலகையில் ஒரு டேப்லெட். அதில் ஒருவன் வாளை ஓங்கி ஒரு மலையையே பிளக்கப் போய்க்கொண்டிருந்தான். "இருங்க டீச்சர், மூச்சு விடாதீங்க," என்றாள். எனக்குச் சொன்னாளா, அவனுக்குச் சொன்னாளா, தெரியவில்லை. பாதுகாப்புக்கு நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மலை விழுந்தது. அதற்கப்புறம்தான் என் இடுப்பளவு தாளில் ஏறியது. அந்த ரவிக்கை இன்றுவரை எனக்குக் கொஞ்சம் இறுக்கம்தான்.

ஈப்போவில் சேலைக்கடைகள் இருக்கும் தெருவுக்குப் பின்தெருவில், ஒரே கடையை நடுவில் பிளைவுட் பலகை அடித்து இரண்டாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் நிஹாலின் கைப்பேசிக் கடை. மறுபக்கம் வீரம்மாவின் தையல் கடை. வீரம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரே அச்சில் வார்த்த நானூறு வீடுகள் நிற்கின்றன. தோட்டம் போனாலும் பெரட்டு போகவில்லை. காலையில் கடை திறந்ததும் அலமாரி முன் நின்று, தைக்க வேண்டிய துணிகளைக் கங்காணி பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுப்பதுபோலப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "பேங்க் அக்கா? இருக்கு. செட்டியார் ஊட்டு மருமவ? இருக்கு. டீச்சர்?" நான் நேரில் நின்றால் "இருக்கேன்" என்று சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு மணி, நாள் என்ற கணக்கெல்லாம் கிடையாது. எல்லாம் எபிசோட் கணக்கு. "கைக்கு ஒரு சண்டை, கழுத்துக்கு ரெண்டு சண்டை. லைனிங் வெச்ச ஜாக்கெட்டுன்னா மொத்தம் எட்டு எபிசோட்லா," என்பாள். கதாநாயகன் அடிவாங்கிக் கீழே விழுந்து தன் சின்ன வயதை நினைத்துப் பார்க்க ஆரம்பித்தால், அது கொக்கி தைக்கும் நேரம். "அவன் அழுவுறதுக்குள்ள ஆறு கொக்கி முடிஞ்சிரும்." முதல்முறை வரும் வாடிக்கையாளர்கள் திணறித்தான் போவார்கள். "எப்போ வந்து வாங்கிக்கலாம்?" என்று கேட்ட ஒரு வங்கி அதிகாரியிடம், "நாளைக்கு மத்தியானம், வில்லன் செத்ததும் வாங்க," என்று இவள் சொல்ல, அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் பழகியவள். "மூன்று மணிக்கு," என்று மொழிபெயர்த்தேன்.

யாராவது அதைக் கார்ட்டூன் என்று சொல்லிவிட்டால் போச்சு. நாடா இடுப்பில் ஒரு பிடி இறுகும். "கார்ட்டூன் இல்ல, அனிமே. பூனை எலியைத் தொரத்துறதா இது?" மகன் பள்ளியில் படித்த காலத்தில் சாயங்காலத் தொலைக்காட்சியில் மலாயில் குரல் கொடுத்து ஒளிபரப்பினார்கள், மகனோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தவள். மகன் இப்போது பினாங்கில் பொறியியலாளன், அவனுக்குப் பந்தாட்டம் போதும். தாய்தான் விடவில்லை. எல்லாச் சண்டைத் தொடர்களையும் நிஹால் ஒரு ஹார்டிஸ்கில் ஏற்றிக் கொடுத்திருந்தான். ஜப்பானியக் குரல், மலாய் எழுத்து. கண் ஒரு தரம் மேலே, ஒரு தரம் கீழே. இருபது வருடத்தில் ஜப்பானிய மொழியில் நிறுத்து, ஓடு, அண்ணா, மன்னித்துவிடு என்ற நாலு சொல்லும் அவளுக்கு அத்துப்படி. இந்த நாலை வைத்துக்கொண்டு ஜப்பானில் குடித்தனமே நடத்தலாம் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் போன தீபாவளி முடிந்த மறுவாரம், பாதிச் சண்டையில் டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தாள். நான் அங்கேதான் இருந்தேன். "பொசானா போச்சு டீச்சர், சலிச்சிருச்சு," என்றாள். "எத்தனை வருஷம்தான் பாக்குறது? ஒரு பையன் இருப்பான், அம்மா செத்திருப்பா. அப்பன் காணாம போயிருப்பான், ஆனா சாவ மாட்டான். ஒரு போட்டி வெப்பானுங்க. சிரிச்சிக்கிட்டே ஒருத்தன் வருவான், அவன்தான் துரோகி. இவன் தோத்துருவான், மூணு எபிசோட் கத்துவான், முடி நட்டுக்கும், ஜெயிச்சிருவான். மொதப் பாட்டு போடும்போதே எவன் ஜெயிப்பான்னு எனக்குத் தெரியுது. அப்பறம் என்னாத்துக்குலா நான் ஒக்காந்து பாக்கணும்?"

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. வீரம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. ஹார்டிஸ்கை ஒரு நெகிழிப் பையில் போட்டு, கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று, நிஹாலைப் பேர் சொல்லி வெளியே கூப்பிட்டாள். அவன் நாற்பது வயது ஆள், தாடியும் தொந்தியும் உண்டு. வாடிக்கையாளரின் கைப்பேசியைத் திறந்து போட்டபடியே ஓடி வந்தான். "இந்தா, புடி. இனிமே இந்தக் கத்தல் என் கடையில கேட்டுச்சுன்னா என் பேரு வீரம்மா இல்ல!" பக்கத்துப் பூக்கடைக்காரி கேட்டாள், நடந்துபோன நாலு பேர் கேட்டார்கள். நிஹால் பையை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு, "அக்கா, மூணே நாளு. திரும்பி வந்து கேப்பீங்க," என்றான். "கேட்டா பாரு!" என்றாள் அவள்.

மூன்று நாள் போனது, மூன்று மாதமும் போனது. அவள் கேட்கவில்லை. வாய்ச்சவடால் இல்லை என்று ஊருக்குக் காட்டிவிட்டாள். ஆனால் கால் காட்டிக் கொடுத்தது. பெடலில் வைத்த கால் ஓட மறுத்தது.

முதலில் தமிழ்த் தொடர் போட்டுப் பார்த்தாள். மருமகள் அழ, மாமியார் அழ, தையல் பொடிப்பொடியாக விழுந்து துணி சுருங்கியது. பழைய பாட்டு போட்டாள். பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டு வேலையை மறந்தாள். அப்புறம், அனிமேயிலேயே அமைதியானது ஒன்றிருக்கிறது, சண்டை சச்சரவே கிடையாது என்று யாரோ சொல்ல, அதைத் தேடிப் பிடித்தாள். மலைமேல் இரண்டு பெண்கள் ஒரு தேநீர்க் கடை வைத்திருப்பார்களாம். அவ்வளவுதான் கதை. "ஒருத்தி தண்ணி கொதிக்க வெச்சா டீச்சர். கொதிக்குது... கொதிக்குது... நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்லா." பார்த்துக்கொண்டே தூங்கியும் போயிருக்கிறாள். அந்தத் தூக்கத்தில் தைத்த ரவிக்கை யாருடையது? வேறு யாருடையது, என்னுடையதுதான். வலப்பக்கம் வரவேண்டிய கொக்கியெல்லாம் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது. தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொள்ள நானும் என் தங்கையும் கண்ணாடி முன் பட்ட பாடு எங்களுக்கும் அந்தக் கண்ணாடிக்கும்தான் தெரியும். கோபமாகக் கடைக்கு எடுத்து வந்து விரித்துக் காட்டினேன். அவள் கொக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சண்டை இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது," என்று முணுமுணுத்தாள். உடனே, "நான் ஒண்ணும் சொல்லல," என்றாள்.

இந்த நிலையில்தான் புத்திகெட்டுப்போய் நான் ஒரு சிபாரிசு செய்து தொலைத்தேன். என் சிநேகிதி சுபாஷினி, ஓய்வுபெற்ற மேட்ரன், யாழ்ப்பாணத்துப் பரம்பரை. ஆஸ்பத்திரியில் அவர் நடந்து வந்தால் கட்டில் விரிப்பெல்லாம் தானாகச் சுருக்கம் நீங்கிக்கொள்ளும் என்பார்கள். அவர் மகள் ஆர்த்திகாவுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு, தாய்க்கு, மாமிமாருக்கு என்று மொத்தம் ஒன்பது ரவிக்கை. அதில் கூறைச்சேலைக்கான சிவப்பு ரவிக்கை ஒன்று. அந்தத் துணி கூறையோடு சேர்ந்து நெய்து வந்தது, வெட்டுத் தவறினால் வேறு துணி கிடையாது. "வீரம்மாவை விட்டால் ஈப்போவில் ஆளில்லை," என்று நான்தான் மார்தட்டினேன்.

பொன்னுருக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது போய்ப் பார்த்தேன். தாலிக்குப் பொன் உருக்கும் அந்த நாளுக்கு முன்பே துணியெல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது சுபாஷினியின் கட்டளை. ஒன்பதில் இரண்டுதான் முடிந்திருந்தது. மற்றவையெல்லாம் வெட்டி, சுருட்டி, பெயர் எழுதி அலமாரியில் கிடந்தன. இயந்திரத்தின் முன் வீரம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன வீரம்மா, மானத்தை வாங்கப் பாக்கிறியா?"

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "பயமா இருக்கு டீச்சர்," என்றாள். "முப்பது வருஷமா தைக்கிறேன், ஒரு கல்யாண வீட்டுக்கும் லேட்டா குடுத்தது கெடையாது. இந்தப் பொண்ணு ஜாக்கெட்டு இல்லாம மணவறையில நின்னா நான் இந்தக் கடையைச் சாத்திட்டுத்தான் போவணும். மிதிக்கிறேன், காலு போவ மாட்டேங்குது. இந்த எடம் சத்தமே இல்லாம, சாவு வீடு மாதிரி இருக்குலா."

"அப்போ பக்கத்தில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளேன்!"

"அவங்கிட்டயா? நானா? செத்தாலும் மாட்டேன்."

நேரே நிஹாலிடம் போனேன். அவனுக்கும் வீம்பு குறைவில்லை. "மீன் வாங்குற பையில போட்டு நீட்டுனாங்க டீச்சர், அதுவும் நடு அஞ்சடியில. நான் ராவா பகலா எறக்கி அடுக்கிக் குடுத்தது. அக்காவே வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், அடுத்த நிமிஷம் தாரேன்." இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான் இருக்கிறது என்று அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. பாழாய்ப்போன மண்டை, நாற்பது வருடம் வகுப்பில் பிள்ளைகளின் தில்லுமுல்லைக் கண்டுபிடித்தே பழுத்தது. தானும் ஒன்று செய்து பார்க்க ஆசைப்பட்டது. "கொடுக்க வேண்டாம் நிஹால். உன் கடையில் நீ பார். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வை," என்றேன். அவன் தாடிக்குள் சிரித்தான். போன மாதம் வந்த ஒரு புதுத் தொடர் இருக்கிறதாம், அக்கா கேள்விப்பட்டே இருக்க மாட்டாராம். ஒலிபெருக்கியைத் தூக்கிப் பலகையோடு ஒட்டி வைத்தான்.

நான் ஒன்றும் அறியாதவள்போல மறுபக்கம் வந்து உட்கார்ந்தேன். முதலில் காற்றுச் சத்தம். அப்புறம் காலடிகள். அப்புறம் வாள் உறையிலிருந்து வெளியே வரும் அந்த நீளமான ஓசை. வீரம்மாவின் காது நிமிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"சத்தத்தைக் கொறைக்கச் சொல்லுங்க டீச்சர்."

"இதோ, போய்ச் சொல்கிறேன்." எழுந்தேன்.

"வேணாம், விடுங்க. அவன் யாவாரம் அவனுக்கு." துணியைக் குனிந்து பார்த்தாள். "நான் ஒண்ணும் பாக்கலையே. காதுல விழுது, அவ்வளவுதான். காதைக் கழட்டியா வெக்க முடியும்?"

பலகைக்கு அந்தப் பக்கம் இரும்பும் இரும்பும் மோதின. இந்தப் பக்கம் இயந்திரம் ஓடத் தொடங்கியது. வாள் வேகமெடுக்க இயந்திரமும் வேகமெடுத்தது. ஒரு மாமியின் கழுத்து நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டமாக முடிந்தது. வீரம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "ரெண்டு பேருலா. ஒருத்தன் கனமான ஆளு, நடக்குறது கேக்குதுல்ல? இன்னொருத்தனுக்குக் கால்ல அடி. இந்தப் பொண்ணு யாரு நடுவுல? எதுக்கு மன்னிச்சிருங்கிறா?" படம் தெரியவில்லை, மலாய் எழுத்தும் தெரியவில்லை. கையில் இருப்பது நாலே நாலு சொல். எவன் நல்லவன், எவன் கெட்டவன், எவன் ஜெயிக்கிறான், ஒன்றும் தெரியவில்லை. முதல் பாட்டிலேயே முடிவைச் சொல்லுகிற வீரம்மாவுக்கு முதல்முறையாக ஒரு கதை பிடிகொடுக்காமல் ஓடியது. கையில் இருந்த துணியை மாற்றிக்கொண்டே, "ஐயோ, எவன்லா விழுந்தது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்து நாள் இப்படி ஓடியது. நிஹால் காலையில் கடை திறந்ததும் போடுவான், வீரம்மா பெரட்டு முடித்துப் பெடலை மிதிப்பாள். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அலமாரியில் சுருட்டி வைத்த துணிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆறாம் நாள் மதியம் கூறை ரவிக்கை மட்டும் மிச்சம். கழுத்து முடிந்தது, கொக்கியும் முடிந்தது, வலக்கை ஏறிவிட்டது. இடக்கையைக் குண்டூசி குத்திப் பொருத்தியிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சுபாஷினி இன்னொரு காரை மறித்துத் தன் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"வீரம்மா, எல்லாம் சியாப்போ, முடிஞ்சுதோ? நாளைக்குப் பொன்னுருக்கு, தெரியும்தானே?"

"ஒக்காருங்கம்மா. ஒரே கை. இப்ப ஆயிரும்."

அந்தப் பக்கம் சண்டை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கனமான ஆள் கர்ஜித்தான், பெண் அலறினாள், வாள் காற்றைக் கிழித்தது. சத்தம் நின்றது. மயான அமைதி.

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நிஹாலின் சொந்தச் சரக்கு.

வீரம்மாவின் காலும் நின்றது. சிவப்புத் துணி ஊசிக்கு அடியில் பாதியில் கிடந்தது. அவள் மறுபடி மிதித்தாள், கை சுருங்கியது. நிறுத்தி, கத்தரி முனையால் நாலு தையலைப் பிரித்தாள். மறுபடி மிதித்தாள், மறுபடியும் சுருங்கியது. இன்னும் இரண்டு தரம் பிரித்தால் அந்தப் பட்டு தாங்காது என்று எனக்கே தெரிந்தது. சுபாஷினி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே எவனோ ஹார்ன் அடித்தான். வீரம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பலகைக்குப் பின்னாலிருந்து தேன் சொட்டும் குரல் வந்தது. "அக்கா, ஏதாச்சும் வேணுமா?"

வீரம்மாவின் முகம் அந்தத் துணியின் நிறத்துக்கு வந்தது. மேசையிலிருந்த மர அளவுகோலை எடுத்தாள். பலகையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள். "போடுடா," என்றாள், வாய்க்குள்ளேயே.

"என்னக்கா? கேக்கல."

"போடுடாங்கிறேன்! அவன் செத்தானா இருக்கானான்னு தெரியாம நான் எப்படிலா இந்தப் புள்ளைக்குக் கை வெக்கிறது!"

தெருவே கேட்டிருக்கும். பூக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து, இருமலாக மாறி அடங்கியது. அப்புறம் வாள் மறுபடி காற்றைக் கிழித்தது. பெடல் இறங்கியது. ஒரே ஓட்டம். தோள் வளைவில் துணி ஒரு சுருக்கம் இல்லாமல் திரும்பி, அக்குளில் இறங்கி, பக்கத் தையலோடு போய்ச் சேர்ந்தது. சுபாஷினி அம்மாளுக்கு எதையும் சரிபார்க்காமல் வாங்கும் வழக்கமில்லை. அன்று ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்து நின்றார். வாசல்வரை போய்த் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஆர் வெண்டது?" என்று கேட்டார்.

"எவன் ஜெயிச்சான்னு தெரியலம்மா. இன்னும் முடியல," என்றாள் வீரம்மா.

கார் போனது. அலமாரி காலி, மேசை காலி, இயந்திரத்தில் ஒன்றுமில்லை. ஒன்பதும் போய்ச் சேர்ந்துவிட்டன என்ற நிம்மதியில் எனக்குப் பசி எடுத்தது. "வா வீரம்மா, ஒரு தேத்தண்ணி குடிக்கப் போகலாம்," என்றேன்.

"நீங்க போங்க டீச்சர். எனக்கு வேலை இருக்கு."

பக்கத்தில் யாரோ ஓடினார்கள், யாரோ துரத்தினார்கள். வீரம்மா மேசைக்கு அடியில் குனிந்து, வெட்டி எறிந்த லைனிங் துணியில் இரண்டு துண்டைப் பொறுக்கி எடுத்தாள். யார் அளவுக்கும் ஆகாத துண்டுகள். ஓரத்தோடு ஓரம் பொருத்தி, விரலால் நீவி, ஊசிக்கு அடியில் வைத்துப் பெடலை மிதித்தாள்.